பூல் கியூவுக்குக் கிளியர் கோட்: தேர்ந்தெடுப்பதும் பூசுவதும்

பழைய பூல் கியூ ஒன்றை, அதாவது பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோலை, டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து மெதுவாக உருட்டிப் பார்த்தால், அதன் கிளியர் கோட், அதாவது நிறமற்ற தெளிந்த மேற்பூச்சு, எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். விளக்கின் பிரதிபலிப்பு கியூவின் நீளம் முழுவதும் நேரான வெள்ளைக் கோடாக ஓடினால் பூச்சு நன்றாக இருக்கிறது. அந்தக் கோடு அலங்கார வளையங்களின் ஓரத்தில் நெளிந்தால் பூச்சுக்கு அடியில் மரம் சற்றுச் சுருங்கியிருக்கிறது. கியூவின் இரு பாதிகளும் சேரும் ஜாயின்ட்டுக்கு அருகில் பால் கலந்ததுபோல் மங்கினால் பூச்சு மரத்தைவிட்டுக் கழன்றிருக்கிறது. இப்படிப்பட்ட கியூவை வீட்டிலேயே செப்பனிட நினைப்பவருக்காகவும், புதிதாகக் கடைந்த கியூவுக்கு முதல் முறையாகப் பூச்சுப் போடுபவருக்காகவும் இதை எழுதுகிறேன். என் அனுபவத்தில், முதல் முயற்சி கெட்டுப்போவதற்குக் கை நேர்த்தியின்மையைவிடத் தன் இடத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் ஒவ்வாத பூச்சைத் தேர்ந்தெடுத்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

எங்கே பூசுவது, எங்கே பூசக் கூடாது

பூல் கியூ பெரும்பாலும் இரண்டு துண்டுகளாக, மொத்தம் 58 அங்குலம், அதாவது சுமார் 147 செ.மீ. நீளத்தில் இருக்கும். முன்பாதியான ஷாஃப்ட் வழக்கமாகக் கடின மேப்பிள் மரத்தில் கடையப்பட்டு, பந்தைத் தொடும் நுனியான டிப் இருக்கும் முனையில் 12 அல்லது 13 மி.மீ. விட்டத்துக்குக் குறுகும். பின்பாதியான பட் பகுதியில்தான் கருங்காலி, ரோஸ்வுட், கோகோபோலோ போன்ற மரங்களும், முக்கோணக் கூர்களும், வளையங்களும், லினன் நூல் அல்லது தோல் சுற்றிய ராப்பும் இருக்கும். கிளியர் கோட் இந்தப் பின்பாதிக்கு உரியது. ஷாஃப்ட் ஆடுபவரின் இடது கை விரல்களுக்கு நடுவே ஒவ்வொரு அடிக்கும் பலமுறை வழுக்கி ஓட வேண்டியது. அதன்மீது கண்ணாடிபோன்ற பூச்சைப் போட்டால், கை சிறிது வியர்த்தவுடன் கியூ விரலில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். ஆகவே ஜாயின்ட்டை ஒட்டிய 10 செ.மீ. வரை வேண்டுமானால் பூசிக்கொள்ளலாம். எஞ்சிய ஷாஃப்டுக்கு மரத்தை அடைக்கும் மெல்லிய அடிப்பூச்சான சீலரும் சிறிது மெழுகும் போதும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் கிளப்புகளில் அதிகம் காணப்படுவது ஸ்னூக்கர் கியூ. அந்த ஆட்டத்தின் விதிகள் 1880களில் ஊட்டி கிளப்பில் வகுக்கப்பட்டவை என்பதால் அதன்மீது நமக்கு ஒரு சொந்தம் உண்டு. ஆனால் அதன் ஷாஃப்ட் பெரும்பாலும் ஆஷ் மரம், அதற்கு வழிவழியாக ஆளிவிதை எண்ணெய்தான் தேய்ப்பார்கள். இங்கே சொல்லப்படும் முறைகளை அந்தக் கியூவின் மீது சோதித்துப் பார்க்க வேண்டாம்.

உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்னர், பட் பகுதியில் உள்ள அலங்காரம் உண்மையிலேயே மரத்தில் பதித்ததா அல்லது ஒட்டியதா என்று கண்டறிய வேண்டும். விலை குறைந்த கியூக்களில் அழகான கூர்களும் மலர்களும் அச்சிட்ட ஒட்டுப்படமாக, கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கும். பதித்த கூர்களின் நீளம் ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழையாவது வேறுபடும், மர ரேகை ஒவ்வொன்றிலும் வேறாக ஓடும். ஒட்டுப்படத்தில் எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோலிருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் படத்தின் ஓரம் மெல்லிய மேடாகத் தெரியும். ஒட்டுப்படம் என்றால் பழைய பூச்சை முழுவதும் அகற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, மேலோட்டமாக மட்டும் சொரசொரப்பாக்கி அதன்மேல் புதிய பூச்சைப் போடுங்கள். இதை அறியாமல் தேய்த்தவர்கள் அரை மணி நேரத்தில் வெறும் பழுப்புக் குச்சியோடு நின்றிருக்கிறார்கள்.

எந்தப் பூச்சு

பழைய அமெரிக்கக் கியூக்களில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் பரவலாக இருந்தது. மரச்சாமான் பட்டறைகளில் இதையே என்.சி. லேக்கர் என்பார்கள். இதற்கும் பில்லியர்ட்ஸுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. தந்தத்துக்கு மாற்றாகப் பந்து செய்ய முயன்ற ஜான் வெஸ்லி ஹையாட் 1869இல் காப்புரிமை பெற்ற பந்துகள் இதே நைட்ரோசெல்லுலோஸ் குடும்பத்தைச் சேர்ந்த கொலோடியன் பூசியவை. ஒன்றோடொன்று வேகமாக மோதும்போது அவை சில வேளை துப்பாக்கிக் கேப் வெடிப்பதுபோல் ஒலி எழுப்பின. கொலராடோவைச் சேர்ந்த ஒரு மதுக்கடைக்காரர், தமக்கு அதனால் தொல்லை இல்லை என்றும், ஆனால் ஒவ்வொரு முறையும் அறையிலுள்ள அத்தனை பேரும் துப்பாக்கியை உருவிவிடுகிறார்கள் என்றும் தமக்கு எழுதியதாக ஹையாட்டே பிற்காலத்தில் சொன்னார். கியூவின் மேல் உலர்ந்த லேக்கர் வெடிக்காது. எனினும் அது எளிதில் தீப்பற்றும், தெளிக்கும்போது எழும் ஆவி அதைவிட எளிதில் பற்றும். வேகமாக உலர்வதும், புதிய பூச்சு பழைய பூச்சைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடுவதும் இதன் நல்ல குணங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளித்து நுண்ணிய கீறல்கள் விடுவதும், ஈரக்காற்றில் வெளுப்பதும் கெட்ட குணங்கள்.

அவலரக்கு நம் தச்சர்களுக்குப் பழக்கமான பொருள். அவல்போலத் தகடு தகடாக இருக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பூசுவதைத்தான் பிரெஞ்சு பாலிஷ் என்கிறோம். தனியொரு மேற்பூச்சாகக் கியூவுக்கு இது போதாது, ஏனெனில் வெப்பமும் மதுவும் வியர்வையும் இதை இளக்கிவிடும். ஆனால் அடிப்பூச்சாக, அதாவது சீலராக, இதற்கு இணையானது குறைவு.

இன்றைய கியூத் தயாரிப்பாளர்கள் பலரும் கார்களுக்கு அடிக்கும் இரண்டு பாக பாலியூரிதேன் கிளியரைப் பயன்படுத்துகிறார்கள். பெரிய தொழிற்சாலைகளில் புற ஊதா விளக்கில் உறையும் பூச்சும் உண்டு. கடினம், பளபளப்பு, மஞ்சளிக்காமை என்று எந்தக் கணக்கில் பார்த்தாலும் இரண்டு பாகக் கிளியரே முதலிடம் பெறும். அப்படியிருந்தும் புதியவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. பூச்சை உறையவைக்கக் கலக்கும் இதன் இரண்டாவது பாகமான ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தெளிக்கும்போது எழும் அதன் நுண்துளிகள் நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியவை. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சுத் திணறும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் இதைத் தடுக்கா. வீட்டு மொட்டைமாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ செய்யத்தக்க வேலை இது அன்று.

அப்படியும் அந்தப் பளபளப்புதான் வேண்டும் என்பவருக்கு ஒரு நடைமுறை வழி உண்டு. மரத்தைத் தயார் செய்து, சீலர் போட்டு, மறைக்க வேண்டிய இடங்களை மறைத்து, கியூவை ஸ்ப்ரே பூத் வைத்திருக்கும் கார் பெயின்ட் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒரு காருக்குக் கலந்த கிளியரில் கடைசியில் மிஞ்சுவதே ஒரு கியூவுக்குத் தாராளமாகப் போதும். பெயின்டரிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் மறுக்க மாட்டார்.

வீட்டிலேயே செய்பவருக்கு என் தேர்வு, எண்ணெய் சார்ந்த ஒற்றைப் பாகப் பாலியூரிதேன் வார்னிஷை மெலிதாக்கித் துணியால் துடைத்துப் பூசும் முறை. மெதுவான வேலை, பூசுவதற்கு மட்டுமே பத்து நாள் பிடிக்கும். ஆனால் ஸ்ப்ரே கன், கம்ப்ரசர், லேத் எதுவும் வேண்டாம். தவறு நேர்ந்தால் அன்றைய ஒரு பூச்சை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டுத் தொடரலாம். கிடைக்கும் பளபளப்பு கார் பூச்சின் அளவுக்கு வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் பிடித்தால் இதமாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எபாக்ஸி தடிமனாக அமர்ந்து பள்ளங்களை நிரப்பும், ஆனால் உறையும் வரை கியூ இடைவிடாமல் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். வெயிலில் மஞ்சளிப்பதால் அதற்கு மேலும் ஒரு பூச்சு தேவைப்படும். கியர் மோட்டார் வைத்திருப்பவர் இரண்டாவது கியூவில் முயலலாம்.

மரத்தைத் தயார் செய்தல்

முதலில் அடியில் உள்ள ரப்பர் பம்பரைக் கழற்றுங்கள். திருகில் நிற்பவையும் உண்டு, அழுத்திச் செருகியவையும் உண்டு. ராப்பை அகற்றப் போவதில்லை என்றால் அதன் இரு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் இறுக்கமாக மூடி, நடுப்பகுதியைப் பிளாஸ்டிக் உறையால் சுற்றுங்கள். லினன் ராப் ஒரு துளி வார்னிஷைக் குடித்தாலும் அந்த இடம் நிரந்தரமாகக் கருத்துவிடும்.

அடுத்து ஜாயின்ட். இரு பாதிகளும் சேரும் தட்டையான முகத்தில் பூச்சு படிந்துவிட்டால் கியூ முழுமையாக மூடாது. நான் ஒருமுறை பட்டறைக்கு அனுப்பிய கியூ கண்ணாடிபோல் திரும்பி வந்தது. ஷாஃப்டைத் திருகியபோது இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. முகத்தை மூடாமல் அனுப்பியது என் பிழைதான். அதைச் சுரண்டிச் சரி செய்த பிறகும் அந்தக் கியூ பந்தை அடிக்கும் ஒலி பழையபடி வரவில்லை. இதற்கு எளிய காப்பு, ஜாயின்ட்டின் திருகான ‘பின்’னுக்குப் பொருந்தும் மலிவான ஜாயின்ட் புரொடெக்டர், அதாவது ஜாயின்ட் மூடி, ஒன்றை வாங்கித் திருகிவிடுவது. அது முகத்தையும் மூடும், பிடித்துக்கொள்ளவும் உதவும், அதன் மறுமுனையில் ஒரு கம்பிக் கொக்கியைப் பொருத்தினால் கியூவைத் தொங்கவிட்டு உலர்த்தவும் ஆகும். பின்னின் தடிமனும் மரையும் கியூவுக்குக் கியூ மாறுபடுவதால், கடைக்குக் கியூவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பழைய பூச்சை அகற்றப் பெயின்ட் ரிமூவரையோ ஹீட் கன்னையோ பயன்படுத்தாதீர்கள். ரிமூவர் பிளாஸ்டிக் வளையங்களை இளக்கும், பதிப்புகளை ஒட்டிய பசைக்குள்ளும் இறங்கும். 220ஆம் எண் உப்புத்தாளே போதும். தேய்க்கும்போது தாளில் படியும் தூளின் நிறத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். கிளியர் கோட்டின் தூள் மைதாமாவுபோல் வெண்மையாக வரும். மரத்தைத் தொட்டவுடன் அது பழுப்பாகவோ செம்மையாகவோ மாறும். நிறம் மாறிய இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். கூர்களைச் சுற்றியுள்ள வண்ண வெனீர்கள், அதாவது மரத்தகடுகள், மிக மெல்லியவை, வளையங்களின் விளிம்பும் ஜாயின்ட்டின் விளிம்பும் விரைவில் தேயக்கூடியவை. ஜாயின்ட்டில் விட்டம் குறைந்தால் ஷாஃப்ட் படிக்கட்டுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். பின்னர் 320, 400 என்று ஏறி, கடைசிச் சுற்றில் மர ரேகையின் போக்கிலேயே நீளவாக்கில் தேய்த்து, குறுக்குக் கீறல்களை அழித்துவிடுங்கள். குறுக்குக் கீறல் உலர்ந்த மரத்தில் கண்ணுக்குத் தெரியாது. முதல் பூச்சு விழுந்தவுடன் அத்தனையும் எழுந்து நிற்கும்.

கருங்காலித் தூள் மேப்பிளின் மேல் படிந்திருந்தால் அதை ஈரத்துணியால் துடைக்காமல் காற்றடித்து ஊதுங்கள். ரோஸ்வுட், கோகோபோலோ ஆகியவற்றில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது; எண்ணெய் சார்ந்த வார்னிஷ் அவற்றின் மேல் நேரடியாகப் பட்டால் நாள்கணக்கில் பிசுபிசுவென்றே கிடக்கும். பூசுவதற்குச் சற்று முன்னர் அசிட்டோன் தொட்ட துணியால் ஒருமுறை துடைப்பது நல்லது. ஆனால் கோகோபோலோவின் செந்நிறம் அசிட்டோனிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். துணி முதலில் வெளிர்ந்த மரத்திலும் பிறகு சிவந்த மரத்திலும் செல்ல வேண்டும். வரிசை மாறினால் வெள்ளை மேப்பிள் ரோஸ் நிறமாகிவிடும்.

சீலர்

100 மி.லி. ஸ்பிரிட்டில் 12 கிராம் அவலரக்கைப் போட்டு ஒரு இரவு ஊறவையுங்கள். கண்ணாடிப் பாட்டிலே நல்லது. அரக்கில் இயற்கையாக இருக்கும் மெழுகு சில நாட்களில் அடியில் கலங்கலாகப் படியும். மேலே நிற்கும் தெளிந்த கரைசலை மட்டும் வடித்துக்கொள்ள வேண்டும். அந்த மெழுகோடு பூசினால் மேலே வரும் பாலியூரிதேன் சரியாகப் பற்றாமல், மாதங்கள் கழித்து மீன் செதிலாக உரியும். தெளிந்த கரைசலை மெல்லிய துணியில் தொட்டு, திரும்பத் திரும்பத் தேய்க்காமல் ஒரே இழுப்பில் பூசுங்கள். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு பூச்சு. பிறகு 400ஆம் எண்ணால் லேசாகத் தடவி எழுந்த நார்களை மழித்துவிடுங்கள். மரத்தின் எண்ணெயையும் நிறத்தையும் இந்த மெல்லிய அரக்குத் தகடு அடைத்துக்கொள்ளும்.

சூப்பர் குளூவைச் சீலராகப் பயன்படுத்துபவர்களும் உண்டு. சுழலும் லேத்தில் அது அருமையாக அமரும். ஆனால் அதைப் பனியன் துணியால் மட்டும் தொடாதீர்கள். பருத்தியில் பட்டால் அந்தப் பசை சட்டென்று சூடேறி, புகைந்து, கையைச் சுட்டுவிடும்.

பூசுதல்

பாலியூரிதேன் வார்னிஷையும் மினரல் டர்பன்டைனையும் சமபாகமாக ஒரு கிண்ணத்தில் கலந்துகொள்ளுங்கள். குலுக்காமல் மெதுவாகக் கிளறினால் குமிழி வராது. நார் உதிராத பழைய பனியன் துணியை நான்காக மடித்து, கரைசலில் தொட்டு, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். இடது கையில் ஜாயின்ட் புரொடெக்டரைப் பிடித்துக் கியூவை உருட்டிக்கொண்டே, வலது கையால் அடியிலிருந்து ஜாயின்ட் வரை நீள இழுப்புகளாகத் துடையுங்கள். பூச்சு ஈரமாக மினுங்கினால் போதும், வழியக் கூடாது. ஒரு பூச்சுக்கு 2 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனெனில் பாதி இறுகிய வார்னிஷின்மீது துணி மீண்டும் சென்றால் உழுத வயல்போல் வரிகள் விழும். விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் அடுத்த பூச்சில் பார்த்துக்கொள்ளலாம். கொக்கியில் தொங்கவிட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

வறண்ட நாளில் 6 மணி நேரத்திலும், ஈரமான நாளில் ஒரு முழு இரவிலும் அடுத்த பூச்சுக்குத் தயாராகும். தாளால் தேய்க்கும்போது தூள் வராமல் சுருண்டு சுருண்டு வந்தால் இன்னும் உலரவில்லை. ஒவ்வொரு இரண்டு பூச்சுக்கும் ஒருமுறை 400ஆம் எண்ணால் மென்மையாகத் தடவி, தூளைத் துடைத்து, மொத்தம் 8 பூச்சு வரை செல்லலாம். வேலை முடிந்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிப்படுவதால், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக் கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

மழைநாளில் பொறுத்திருப்பது தவிர வேறு வழியில்லை. சென்னையில் ஒரு நவம்பர் மாலையில், மழை விட்ட கையோடு, நான் ஒரு கியூவுக்கு என்.சி. லேக்கர் அடித்தேன். கருங்காலிமீது விழுந்த தெளிந்த பூச்சு என் கண்ணெதிரே மோர் ஊற்றியதுபோல் வெளுத்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது, அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் பனிபோல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. இரண்டு நாள் கழித்து வெயில் வந்தபின், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மேலே பனிபோலத் தெளித்ததும் வெண்மை மறைந்தது. துடைத்துப் பூசும் வார்னிஷ் இப்படி வெளுப்பது அரிது. உலரத்தான் அதிக நேரம் எடுக்கும்.

பூச்சு ஆங்காங்கே மீன் கண்போல வட்டமாக விலகிக் குழி விட்டால் சிலிக்கோன் பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கியூவுக்குத் தேய்த்த பழைய மெழுகு, கார் டாஷ்போர்டு பாலிஷ், கைக்கு இட்ட கிரீம் ஆகிய மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். அதன்மீதே மேலும் பூசி மூடிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அந்தப் பூச்சைத் துடைத்தெடுத்து, டர்பன்டைனால் கழுவி, அரக்குச் சீலரிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

சமன் செய்தலும் மெருகேற்றலும்

கடைசிப் பூச்சுக்குப் பிறகு குறைந்தது இரண்டு வாரம், மழைக்காலமானால் மூன்று வாரம் கியூவைத் தொடாமல் விட வேண்டும். இதுதான் பலருக்கும் முடிவதில்லை. மேல்பரப்பு கையில் ஒட்டாவிட்டாலும் உள்ளே பூச்சு இன்னும் சுருங்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் மெருகேற்றினால் மெருகேற்றிய பின்னர் மர ரேகைகள் மேலே எழும்பும். மூக்கருகில் வைத்து முகர்ந்தால் டர்பன்டைன் வாசனை வராத நாளே சரியான நாள்.

1000ஆம் எண் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு சிறு ரப்பர் துண்டின்மீது சுற்றி, நீளவாக்கில் தேயுங்கள். ராப்பின் ஓரத்திலும் இரு முனைகளிலும் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வெட்டுமுனையின் வழியாக மரம் நீரை வேகமாக உறிஞ்சி ஊதும். பரப்பு முழுவதும் ஒரே சீரான மங்கலாக வந்ததும் 1500, 2000 என்று மாறுங்கள். இங்கே அவசரப்பட்டால் ஒரு பூச்சைத் துளைத்து அடுத்த பூச்சுக்குச் சென்றுவிட நேரும். பாலியூரிதேன் பூச்சுகள் லேக்கரைப்போல் ஒன்றோடொன்று கரைந்து சேர்வதில்லை. ஆகவே துளைத்த இடத்தைச் சுற்றி, வியர்த்துக் காய்ந்த சட்டையில் தெரியும் உப்புக்கோடுபோல ஒரு விளிம்பு தெரியும். எவ்வளவு மெருகேற்றினாலும் அது போகாது. மேலே இன்னும் இரண்டு பூச்சுப் போட்டு, மறுபடியும் காத்திருப்பதே தீர்வு.

பிறகு கார்களுக்குப் பயன்படும் ரப்பிங் காம்பவுண்டைச் சிறிதளவு மென்துணியில் எடுத்துக் கையாலேயே தேயுங்கள். டிரில்லில் பஞ்சு வட்டு மாட்டி வேகமாகச் சுற்றினால் ஒரே இடத்தில் சூடேறிப் பூச்சு இளகும். டியூப் லைட்டின் கோடு நெளியாமல் ஓடும்வரை தொடருங்கள். முழுப் பளபளப்பு பிடிக்காதவர் 2000ஆம் எண்ணோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பட்டுபோன்ற மங்கலே பிடிக்கும், கைரேகையும் அதில் குறைவாகத் தெரியும்.

டேப்பை அகற்றும்போது பூச்சின் விளிம்பைக் கூர்மையான பிளேடால் முதலில் சுற்றிக் கீறிவிட்டு, டேப்பைப் பின்னோக்கி மடித்துத் தாழ்வாக இழுங்கள். நேராக மேலே பிய்த்தால் பூச்சும் சேர்ந்து உரியும். பம்பரைப் பொருத்தி, ஷாஃப்டைத் திருகி, ஜாயின்ட்டில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கார்னாபா மெழுகு பூசுவதானால் இன்னும் ஒரு மாதம் கழித்துப் பூசுங்கள். அதுவரை கியூவை உறையில் அடைத்து வைக்காமல் காற்றுப்படத் தொங்கவிடுவது நல்லது. வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் ஒருநாளும் விட்டுச் செல்லாதீர்கள்.